கடுகு சொன்ன ஒரு வார்த்தை

எங்கள் வார்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸுக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தோம். ஆள் குள்ளம், வாய் காரம். பிறந்த குழந்தைக்கு இதய ஆபரேஷன் முடிந்ததும் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். கத்தி பட்ட இதயம் சில நாள் சோர்ந்து கிடக்கும். ஊசிப் பம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போய் அதைத் தட்டி எழுப்பும். மானிட்டரில் எண்கள் அழகாக ஏறும். பெற்றவர்கள் அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். கடுகுக்கு அது ஆகவே ஆகாது.

"மருந்து நடைவண்டி மாதிரி. பிடிச்சிட்டு இருக்கிற வரைக்கும் பிள்ளை நிக்கத்தான் செய்யும். கைய விட்டாத்தானே தெரியும்" என்பாள். மருந்தை முழுசாக நிறுத்தும்வரை அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. இரத்தம் சரியாக ஓடிப் பாதம் சூடாக இருக்கிறதா என்று குழந்தையைத் தொட்டுப் பார்ப்பாள், போவாள். கல்நெஞ்சக்காரி என்று பெற்றவர்கள் திட்டியது என் காதிலேயே விழுந்திருக்கிறது. எனக்கும் அவளை நாலு வார்த்தை கேட்கத் தோன்றும்.

அப்படி வந்த ஒரு பெண்குழந்தையின் அம்மாவுக்குப் பிரசவத்தில் போட்ட வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வருவாள், கட்டிலருகே நின்று அழுவாள், போவாள். ஒரு சாயங்காலம் கடுகின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை என் பொண்ணு நல்லா இருக்கான்னு சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

கடுகு பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்ப நல்லா இருக்காம்மா" என்றாள்.

நான் வாயைப் பிளந்தேன். அந்த அம்மா அன்று வெகுநேரம் கட்டிலை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை டாக்டர்கள் மருந்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தம் இறங்கியது. திரும்பக் கூட்டினார்கள், இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். கூட்டக் கூட்டத் துடிப்பு தறிகெட்டு ஓடியதே தவிர பாதம் சூடாகவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கடுகு மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டாள். "என் நாக்குல சனி" என்றாள். அந்தத் தாய் வந்து என்ன கேட்பாளோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். நேரே கடுகிடம் போனாள்.

"நீங்க சொன்னீங்கல்ல, அதனாலதான் அக்கா நேத்து அவகிட்ட சிரிச்சுப் பேசினேன். மத்த நாளெல்லாம் என் அழுத மூஞ்சியத்தான் பார்த்தா. நேத்தாவது சிரிச்ச மூஞ்சியப் பார்த்தாளே."

கடுகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல் வலியோடு அந்தப் பெண்தான் குனிந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.