மூன்றாம் தொட்டி மாதேஸ்வரி

வெள்ளைச் சாஸரைக் குச்சியில் கட்டித் தொட்டிக்குள் மெல்ல இறக்குவார் மாதேஸ்வரி. அது கண்ணுக்கு மறைகிற இடத்தில் குச்சியைப் பிடித்து, பாசி எவ்வளவு அடர்த்தி என்று அளப்பார். பிறகு விரலை நனைத்து முகர்ந்தும் பார்ப்பார். ஓசூரை ஒட்டிய எங்கள் கம்பெனியில் சுருள்பாசி வளர்த்து, உலர்த்தி, சத்து மாத்திரைக்கு அனுப்புகிறோம். நான் பாக்கெட் போடும் பகுதியில் இருக்கிறேன். மூன்றாம் தொட்டி அவர் பொறுப்பாக இருந்தது.

அஞ்செட்டிக்காரர். மாட்டிடம் பேசிய பழக்கத்தில் பாசியிடமும் பேசுவார். நுரை பொங்கினால் "சும்மனிரு!" என்று கன்னடத்தில் ஓர் அதட்டல். நுரை அடங்கிவிட்டால், தான் சொல்லித்தான் அடங்கியது என்பதுபோல் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு.

போன மாதம் அந்தத் தொட்டியில் வேறொரு பாசி நுழைந்துவிட்டது. உருண்டையானது, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். சனிக்கிழமைக்குள் அது போகாவிட்டால் தொட்டியை மூடிவிடுவோம் என்றார் மேலாளர் குருமூர்த்தி. தொட்டி போனால் மாதேஸ்வரியின் வேலையும் போகும்.

அவர் செய்ததுதான் வேடிக்கை. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, நல்ல தொட்டித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி இதில் ஊற்றினார். வடித்த தண்ணீரில் பாசியே இல்லை. ஆனாலும் உருண்டைப் பாசி குறைந்தது! கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு இன்னும் ஊற்றினார். ஆனால் இப்போது நம் சுருள்பாசியும் மஞ்சளடிக்கத் தொடங்கியது.

சோதனை அறைக் காவியா வந்து பார்த்தாள். "பாசிங்க தண்ணியில என்னமோ விடுதுக்கா. அது ஒண்ணை அமுக்குது, ஒண்ணை வளக்குது. ரெண்டும் சேந்தும் இருக்குது. அளவு மாறுனா எல்லாமே மாறிப் போவுது. எனக்கே தலை சுத்துது."

"வாயே இல்லாம சண்டையா?" குவளையோடு நின்றார் மாதேஸ்வரி. "ஊத்தட்டுமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லு கண்ணு."

அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமையும் உருண்டைப் பாசி முழுதாகப் போகவில்லை; தொட்டியை வடிக்க அவரையே வால்வைத் திறக்கச் சொன்னார்கள். திறக்கும்முன் தன் டிபன் டப்பாவிலிருந்த சோற்றை பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தட்டில் கவிழ்த்துவிட்டு, இரண்டு பாசியும் கலந்த தண்ணீரை அதில் மொண்டுகொண்டார்.

"இதுக்குள்ளயாச்சும் ஒத்துப் போவுதா பாக்கறன்" என்றார்.

மாலை தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அவர். மடியில் டப்பா. வளைவில் பஸ் சாய்ந்தபோது அதைச் சாயாமல் ஏந்திப் பிடித்தவர், மூடியைப் பாதி திறந்து, வெயில் படும்படி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்.