பஸ் நிலையத்தில் ஒரு தட்டுப் பப்பாளி

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். வடை வண்டிகளைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவே ஒரு வண்டியில் மட்டும் பப்பாளி, அன்னாசி, வெள்ளரிக்காய் நறுக்கி, வாழையிலை போட்டு மூடி வைத்திருக்கிறது. அங்கே வாங்க ஆளில்லை.

விற்கும் பெண்ணின் பெயர் தங்கம். பேச்சிலேயே தக்கலைப் பக்கம் என்று தெரிகிறது.

"உப்பும் மிளகும் தூவட்டா, அண்ணாச்சி?"

தூவிக் கொடுக்கிறார். பப்பாளி நன்றாக இனிக்கிறது. அப்படியே சொல்கிறேன். முகம் மலர்ந்து, உடனே வாடிவிடுகிறது.

"இன்னையோட பழத்த நிறுத்துகேன். நாளைக்கு மறுபடியும் வடைதான்."

பல வருஷம் வடை சுட்டவர். அடுப்புப் புகையில் இருமல் முற்றிப்போய், டாக்டர் சொன்னதால் பழத்துக்கு மாறியிருக்கிறார். அதன்பிறகுதான் ராத்திரி இருமாமல் தூங்குகிறாராம்.

"பழம் நல்லதுண்ணு எல்லாரும் சொல்லுவாவ. பஸ்ஸுக்கு நிக்கும்போ, சூடா என்ன உண்டுண்ணுதான் கேக்காவ. மிச்சத்தை எல்லாம் பசுவுக்குப் போட்டா, எம் பிள்ளையள் என்னத்தத் திங்கும்?"

இன்னொரு தட்டு கேட்கிறேன். அவருக்குச் சிரிப்பு வருகிறது.

"அண்ணாச்சி தினமும் வருவியளா?"

பஸ் வந்துவிடுகிறது. ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். கீழே பக்கத்து வடை வண்டிக்காரர், தங்கம் வடை சுடுவதை விட்டபோது தம்மிடம் கொடுத்திருந்த பழைய எண்ணெய்ச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறார். தங்கம் அதை வாங்கி, பழங்களுக்குப் பக்கத்தில் இடமிருந்தும், கண்ணில் படாதபடி வண்டிக்கு அடியில் வைக்கிறார்.