பெயின்டர் ஐயாவின் கைத்தடி

உள்ளே வந்ததும் வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. முதியோர் பகல் மையத்தின் நடைவழிச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போவார். கூடத்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "ஒரு கோட்டிங் அடிச்சுட்டு ரெண்டுக்குக் காசு வாங்கிட்டான்," என்பார். தினமும் அதே சுவர், அதே தீர்ப்பு. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்குக் காலை டீ இறங்கும்.

இங்கே எல்லோருக்கும் அவர் பெயின்டர் ஐயா. ஆயுள் முழுக்க அடுத்தவர் வீடுகளுக்கு வர்ணம் அடித்தவர். ஒல்லி உடம்பு, ஏணி ஏறி ஏறிக் கெண்டைக்கால் மட்டும் இன்னும் கல் மாதிரி. சட்டைப் பையில் ஒரு துண்டு உப்புத்தாள் எப்போதும் இருக்கும். மேசை விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். கேரம் ஆட்டத்தில் தோற்கப் போகிறார் என்றால் பலகைக்கு மெருகு போதவில்லை என்பார். என் மாமியாரும் அங்கே போகிறவர். அவரைக் கொண்டு விடும் சாக்கில் நான் பெயின்டர் ஐயாவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். சந்தோஷமாக இருக்கிற மனிதரைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஐயாவின் மனைவி காலமாகிவிட்டார். மகளோடு இருக்கிறார். அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். இவரை இங்கே விட்டால்தான் வேலைக்குப் போக முடியும். மையத்தில் இடம் கிடைக்க, பகலில் வீட்டில் தனியாக விட முடியாதவராக இருக்க வேண்டும். அதே சமயம், ஒருவர் கை கொடுத்தால் எழுந்து நடமாடுகிறவராகவும் இருக்க வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு முழுநேர இல்லம்தான். அங்கே கேட்கும் தொகையில் பாதிக்குக்கூட மகளின் சம்பளம் காணாது. இங்கே வருமானம் குறைந்த வீடுகளுக்குப் பாதிக் கட்டணம். வருடம் ஒருமுறை நர்ஸ் ஒவ்வொருவரையும் பார்த்து, தொடரலாமா என்று முடிவு செய்வார்.

வலது கால் எலும்பு முறிந்ததால்தான் தனக்கு இடம் கிடைத்தது என்று பெயின்டர் ஐயா நம்பிக்கொண்டிருக்கிறார். கால் எப்போதோ கூடிவிட்டது. உண்மைக் காரணம் வேறு. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோய் வெளியே கிளம்பியவர் அவர், அதுவும் ஒருமுறை அல்ல. என்றோ வர்ணம் அடித்த வீட்டுக்குப் போய், வேலை பாக்கி இருக்கிறது என்று கதவைத் தட்டியிருக்கிறார். மகள் ஒரு நாள் வாசலில் நின்று என்னிடம் இதைச் சொல்லி அழுதாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. காலுக்காகத்தான்னு நெனச்சுக்கட்டும்."

இந்த வருடம் நர்ஸ் பார்க்கும் நாள் வந்தது. கால் குணமானது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஐயாவுக்கு ஒரே உதறல். மகள் சொல்லச் சொல்லக் கேட்காமல், வீட்டு மூலையில் கிடந்த கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நர்ஸ் முன்னால் உட்கார்ந்து, "கால் முறிஞ்சதுலேர்ந்து எந்திரிக்கவே முடியலம்மா. ரெண்டு பேர் தூக்குனாத்தான் உண்டு," என்று முனகினார். பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த என் மாமியார் என் காதில், நடிப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்றார்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் புதிதாக வந்தவர். கண்ணால் கண்டதை நம்பினார். அப்படியானால் இவரை இங்கே வைத்துக்கொள்ள முடியாதே என்று உண்மையான கவலையோடு சொன்னார். அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு மகள் எதைச் சொல்வாள்?

அப்போதுதான் ஐயாவின் கண் அறைக் கதவில் போய் நின்றது. காலையில்தான் அதற்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழ்ப்பக்கம் ஒரு சொட்டு வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கைத்தடி தரையில் விழுந்தது. விறுவிறுவென்று நடந்து போய்க் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலால் சொட்டை வழித்தெடுத்து, விரல் நுனியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. காய்வதற்குள் பார்க்க வேண்டாமா என்று கதவைத் திட்டினார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம், நர்ஸ் உட்பட. சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவருக்குத் தன் நிலைமை ஞாபகம் வந்தது. மெல்ல எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து நாற்காலியை நோக்கி வந்தார்.

"எந்தக் காலுங்கய்யா முறிஞ்சது?" என்று கேட்டார் நர்ஸ்.

நின்று இரண்டு கால்களையும் பார்த்தார். "இதுதாம்மா," என்று சந்தேகமே இல்லாமல் இடது தொடையைத் தட்டினார்.

கையிலிருந்த தாளில் வலது கால் என்று இருந்ததைப் பார்த்ததும் நர்ஸின் சிரிப்பு அடங்கியது. அவர் மகளைப் பார்க்க, அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"சரிங்கய்யா. நாளைக்கும் வந்துடுங்க."

மகள் குனிந்து கைத்தடியை எடுத்தாள். துடைத்து, இடது காலுக்குத் தோதாக அப்பாவின் கையில் பிடித்துக் கொடுத்தாள்.