ஈரத் தரையில் பதினான்கு அடி

கண்ணோட்டம் என்னும் அறத்தின் பெயரை, வெறும் கருத்து என்னும் பொருளில் இன்று வழங்கிவிட்டோம். பிறர் படும் பாட்டின்மேல் கண் சென்று தங்குவதையும், தங்கியபின் நெஞ்சு இளகுவதையுமே பழையோர் அச்சொல்லால் குறித்தனர். அவ்வறம் வாய்த்தவர் புளியந்தோப்புப் பீம்ராவ். தரைக்கு ஓடு பதிக்கும் கொத்தனார்.

விமான நிலைய முனையத்தைப் புதுப்பிக்கிறார்கள். ஆயினும் ஒரு வேளையும் அதை மூடுவதில்லை. ஒரு பாதியில் தரையைப் பெயர்த்துக்கொண்டிருக்க, மறுபாதியில் பயணிகள் பெட்டியை உருட்டிச் செல்வார்கள். அன்று பகல் பன்னிரண்டுக்குப் பீம்ராவின் குழு ஒரு பாதையைப் பதித்து முடித்தது. இறுகுவதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். மாலை ஐந்துக்குப் பாதை திறக்காவிடில் குழுவினர் எழுவருக்கும் மறுநாள் வேலையில்லை என்று மேற்பார்வையாளர் ஜெயவேல் முன்பே சொல்லியிருந்தார்.

தடுப்புக் கயிற்றருகே ஊன்றுகோலுடன் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். இராயபுரத்து வேதமாணிக்கம் அவர்.

"நைனா, கொச்சி பிளைட்டு கேட்டு அத்தானே? மூடப்போறாங்கோ. பொண்ணு அங்க ஆஸ்பத்திரில கீது. சுத்திகினு போவ காலு வர்ல."

எதிரே, பதினான்கு அடி தொலைவில், வாயில் தெரிந்தது. பீம்ராவ் ஈர ஓடுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

"வா நைனா, தோளப் புடிச்சிக்கோ. வழுக்கும், மெதுவா."

கோல் ஊன்றிய இடமெல்லாம் ஓடு அமுங்கியது. வேதமாணிக்கம் உள்ளே போய்ச் சேர்ந்தபின்னரே வாயில் மூடியது.

ஜெயவேல் ஓடி வந்தார். "இன்னாய்யா பீம்ராவு, ஈரம் காயறதுக்குள்ள ஆள வுட்டுகினு கீற?"

"ஈரம் காயல சார். அதான் வுட்டேன்."

குழு முழுதும் சிரித்தது. ஜெயவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. எத்தினி ஓடு பூட்ச்சி?"

"இருவத்திரெண்டு."

"குந்து. கலவ நான் போட்றேன்."

அமுங்கியவற்றைப் பெயர்த்து, மட்டம் பார்த்து, மறுபடி பதித்தார்கள். கடைசி ஓடு அமரும்போது மணி இரண்டாக ஐந்து நிமிடம். ஐந்துக்குக் கயிறு அவிழ்ந்தது. காலடியைப் பாராமலே கூட்டம் அதன்மேல் நடந்தது. எழுவருக்கும் மறுநாளும் வேலை இருந்தது.

புளியந்தோப்பு அடுக்குக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், மனைவி மதியோடும் மகள் கார்குழலியோடும் பீம்ராவ் நீடு வாழ்க! அவ்வீட்டு உலையில் அரிசி குறையாதிருக்க. நோய் அவ்வாசல் அறியாதிருக்க. அங்குப் பிறக்கும் சொல்லெல்லாம் இனியவாகுக!