வெங்காயச் சாக்கில் சிக்கிய ரோபோ

குன்னத்தில் தனியாக இருக்கும் எனக்கு, சிங்கப்பூரிலிருக்கும் என் மகள் வீடு பெருக்கும் ரோபோ ஒன்றை அனுப்பினாள். கூடத்தில் சின்ன வெங்காயம் காயப்போட்டிருந்த சாக்கின் நூலில் சிக்கி, முதல் வாரமே அது நின்றுவிட்டது. உடனே மகளின் போன் வந்தது.

"என்னப்பா, மெஷின் சிக்கிக்கிச்சுன்னு என் செல்லுக்கு வருதே?"

அன்று பதினோரு நிமிடம் பேசினாள். வழக்கமாக நான்கைத் தாண்டாது. அதன்பின் வெங்காயம் இல்லாத நாளிலும் சாக்கை விரித்து வைத்தேன்.

ஒருநாள் அப்படி விரித்துவிட்டு, கொல்லையில் மோட்டார் போட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். செல் உள்ளே கிடந்தது. திடீரென்று வாசல் கதவை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் செல்வராசு ஓடிவந்தான்.

"பெரியப்பா, நல்லாத்தான் இருக்கீங்களா? போனை எடுக்கலன்னு அக்கா அழுவுறாங்க!"

அவன் செல்லை வாங்கி மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

"நீங்களே கூப்பிட்டா என்னப்பா?"

"ஆபீஸ்ல இருப்பியேன்னுதாம்மா."

"பரவால்ல, கூப்பிடுங்க."

இப்போது வெங்காயத்தை மாடியில் காயப்போடுகிறேன். மாலையில் நானே அழைக்கிறேன். நேற்று அவள் எடுக்கவில்லை. ரோபோ தடையில்லாமல் கூடத்தைச் சுற்றியது. சாக்கை எடுத்துவந்து விரிக்க எழுந்தவன், மறுபடி உட்கார்ந்து காத்திருந்தேன்.