எட்டு நடந்த பலகைகள்

எங்கள் மொட்டை மாடியில் பாதி மரம். அண்ணனூரில் அப்படி ஒரு மாடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சிமெண்ட் தரைமேல் சட்டம் அடித்து, அதன்மேல் வரிசையாய்த் தேக்குப் பலகைகள். பழைய வீடுகளை இடித்து மரம் விற்கும் கடையில், பூந்தமல்லி போகும் சாலையில் வாங்கியவை. ஆடம்பரமில்லை. என் மனைவியின் பாதங்களுக்காக.

சர்க்கரை அவள் பாதங்களின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுகொண்டிருந்தது. தினமும் காலையில் எட்டு போட்டு நடப்பாள். எங்கள் பக்கத்து மாடிகளில் பலரும் அப்படித்தான், சாக்பீஸால் பெரிய எட்டு வரைந்து அதன்மேலேயே சுற்றிச் சுற்றி. ஒரு சித்திரையில் நேரம் போனது தெரியாமல் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். "தரை அவ்ளோ சூடாவா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். அந்த மாதமே பலகை வந்தது.

ஆறு வருடம் நடந்தாள். பணிமனையிலிருந்து முதல் மின்சார ரயில்கள் முனகிக்கொண்டு கிளம்பும்போது அவள் நாலைந்து சுற்று முடித்திருப்பாள். வெயிலும் மழையும் மாறி மாறி விழுந்து பலகைகள் சாம்பல் நிறமாயின. அவள் நடந்த தடம் மட்டும் கறுத்துப் படிந்து, சாக்பீஸ் வேண்டாத எட்டாகக் கிடந்தது. அவள் வாழ்வதற்காக நடந்ததன் கையெழுத்து. கால் எழுதியது.

பிறகு மரம் சிலாம்பு விட ஆரம்பித்தது. ஒன்று அவள் குதிகாலில் ஏறியதை இரண்டு நாள் கழித்து நான்தான் பார்த்தேன், சீழ் வைத்த பிறகு. அந்தப் புண் ஆறுவதற்குள் மார்கழி பிறந்திருந்தது. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். அதோடு மாடியையும் இழைத்துவிடலாம் என்று பாலிஷ்காரரை அழைத்தேன். இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் அப்பா நெல் விளைத்த நிலத்தின் மேல்தான் எங்கள் தெரு இருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும் சொன்னார்: "வெளில கெடக்குற மரம் சார். எண்ணெ குடு, குடிச்சிகினு கம்முனு கெடக்கும். வார்னிஷ் வேணாம்."

"பொங்கல் வருதுப்பா. பளபளன்னு இருக்க வேணாமா?"

"மரம் இன்னா கல்யாணப் பொண்ணா சார், மினுக்கிகினு நிக்க? சரி, உன் ஊடு, உன் இஷ்டம்."

இரண்டு கோட் அடித்தார். காய்ந்ததும் மாடி குளம் போல மின்னியது. எட்டு போய்விட்டிருந்தது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை. அவள் குனிந்து பார்த்து, "இதுல முகம் பாத்தே பொட்டு வெச்சிக்கலாம் போல" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "வழுக்குமாங்க?"

உச்சிவெயில். நான் செருப்போடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினேன். "வழுக்காது."

மறுநாள் விடிகாலை பனி. அவள் பாதத்துக்கு ஈரம் தெரியாது. நான் கீழே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை, மூட்டையை இறக்கி வைப்பது போல ஒன்று. கணுக்காலில் இரண்டு எலும்பு. தகடு வைத்துத் தைத்த புண் ஆற சித்திரை வரை ஆனது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவளைத்தான் திட்டினார்கள். "பனியில உனக்கு என்னடி நடை?" "ஆமா, கண்ணு தெரியாம நடந்துட்டேன்" என்றாள். நான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன். வழுக்காது என்று நடந்து காட்டியது நான்.

அவள் கட்டிலில் கிடந்த மாதங்களில் நான் வார்னிஷைச் சுரண்டினேன். இயந்திரம் வேண்டாம் என்று, இரும்புச் சுரண்டியால், கையால். பாம்புச் சட்டை போல உரிந்தது. ஒருநாள் பாலிஷ்காரர் தற்செயலாய் வந்தார்.

"சுரண்டு சார், நல்லா சுரண்டு. அன்னிக்கே சொன்னனா இல்லியா?" என்று ஆரம்பித்தவரிடம் அவள் விழுந்ததைச் சொன்னேன். "அக்காவா? அக்காவா வுயுந்துச்சி?" என்றார். அதற்கப்புறம் கிண்டல் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் குந்தினார். "மர ரேகை ஓடற பக்கமே இஸு சார். குறுக்க இஸ்தா கீறிகினு பூடும்" என்று சுரண்டியை இழுத்துக் காட்டினார்.

எண்ணெய் விட்டோம். ஊற விட்டு, மிச்சத்தைப் பழைய வேட்டியால் துடைத்தெடுத்தோம். மறுபடி விட்டோம். பலகைகள் மினுக்கமில்லாமல், நனைந்த மண் போல ஆழ்ந்த பழுப்பாயின. இந்த முறை இரண்டு வாளித் தண்ணீர் கொட்டி, வெறுங்காலோடு ஓடியே பார்த்தேன். பிடித்தது. தரை காலைப் பிடித்தது.

அவளைக் கூப்பிட்டேன். கைத்தடியோடு ஒவ்வொரு படியாய் ஏறி வந்து மாடி வாசலில் நின்றாள். வலது பாதத்தைப் பலகையில் வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் பார்த்தாள், யாருடைய காலையோ பார்ப்பது போல.

"வழுக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அன்னிக்கும் அதத்தான் சொன்னீங்க."

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். காலண்டரில் கிழமை பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். என் தோளைத் தொட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாள். காலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இப்போது அவள் ஹாலில் நடக்கிறாள், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, தடியை ஊன்றி. மழைக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் மாடிக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார் பாலிஷ்காரர். தவறாமல் விடுகிறேன். மண்டியிட்டுத் துணியால் தேய்க்கும்போது கீழே தடி தரையில் தட்டுவது கேட்கும். அது நிற்கும்போதெல்லாம் என் கையும் நிற்கும். மறுபடி தட்டும் வரை.