நான்கு கோப்பை வயலின்

எங்கள் வீதியில் எஸ்ரனுக்கு இருப்பதுபோல் கூர்மையான காது வேறு யாருக்கும் இல்லை. இதைச் சொன்னவர் எஸ்ரன். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஹந்தானைக்கு ஏறும் வீதியில் அவர் வீடு மேலே, என் வீடு கீழே. கண்டி டவுனில் எனக்கு ஒரு மின்சாமான் கடை இருக்கிறது. எஸ்ரன் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். டீமேக்கர் என்றால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாக வெளியே போவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. தினமும் காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, தேயிலைச் சாயத்தைக் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். இருபத்தெட்டு வருடம் அப்படி. பிறகு கொரோனா வந்தது. காய்ச்சல் போகும்போது அவருடைய மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. எஸ்ரன் தாமாகவே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சில மாதம் கழித்து என் கடைக்கு வந்து, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே கூப்பிடும் முறையில், "நாக்குப் போனா என்ன நானா, காது இருக்குல்ல?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. நல்ல அம்பிளிபயர் ஒன்று வாங்கினார். இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தன. கொம்பியூட்டரையும் அம்பிளிபயரையும் இணைக்க ஒரு சின்னப் பெட்டி வந்தது. வயர்களை நான்தான் விற்றேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

எல்லாம் வந்த பிறகுதான் பெரிய தலையிடி. கொம்பியூட்டரில் பாட்டுப் போடுவதற்கு எந்த மென்பொருள்? எஸ்ரன் இணையத்தில் தேடித் தேடி நான்கைப் பிடித்துவந்தார். அவற்றின் உண்மையான பெயர்கள் வாயில் நுழையாதவை என்பதால் தேயிலை ரகங்களின் பெயரையே வைத்தார். பாட்டுக்காரரின் படம், பிறந்த ஊர் எல்லாம் காட்டுவது ஓ.பி. அரசாங்க அலுவலகக் கணக்கப்பிள்ளையின் பேரேடு மாதிரி வெறும் வரிகளாக இருப்பது பி.ஓ.பி. மூன்று மாதம் ஓசியில் பாடிவிட்டு அதன் பிறகு வாயை மூடிக்கொள்வது பெக்கோ. கொம்பியூட்டருடன் கூடவே வந்ததற்குக் கடைசி ரகத்தின் பெயர், டஸ்ட். டஸ்டை அவர் மதிக்கவே இல்லை.

இரண்டு மாதமாகச் சோதனை. ஒரு வயலின் பதிவை ஓ.பி.யில் அரை நிமிடம் போடுவார், நிறுத்துவார், அதையே பி.ஓ.பி.யில் போடுவார். "இதுல சாயம் நல்லா எறங்குது, ஆனா உடம்பு பத்தல" என்பார். பெக்கோவில் "கடைசியில ஒரு கசப்பு" என்பார். அந்த இரண்டு மாதத்தில் அவர் வீட்டில் எந்தப் பாட்டும் முடிந்ததில்லை. அவருடைய மனைவி ஜெயராணிக்கு எல்லாப் பாட்டும் முதல் நாலு வரி தெரியும். ஐந்தாவது வரியில் என்ன வருகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஜெயராணி தைக்கிறவர். சட்டை, பள்ளிக்கூட யூனிபோர்ம், சேர்ச்சில் முதல் நன்மை வாங்கப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கவுண் எல்லாம் தைப்பார். அவருடைய மெஷின் இருந்தது குசினிக்குப் பின்னால் ஓர் அறையில். அங்கே மத்தியானத்திலும் லைட் போட வேண்டும். வெளிச்சம் உள்ள இடம் ஹோலில் ஜன்னலோரம் ஒன்றுதான். அந்த இடத்தில் எஸ்ரன் பாட்டுக் கேட்க உட்காரும் கதிரை இருந்தது. இரண்டு பெட்டிகளிலிருந்தும் அளவு நாடா பிடித்து, சோக்கால் தரையில் குறி போட்டு, அந்தக் குறிமேல் வைத்த கதிரை. கூட்டுவதற்குக்கூட அதை நகர்த்தக் கூடாது.

ஒரு நாள் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கோர்க்கப்போய் ஊசி விரலில் ஏறியது. ஜெயராணி விரலைச் சப்பிக்கொண்டே ஹோலுக்கு வந்தார். நான் புது வயர் ஒன்றைக் கொடுக்கப் போய் அங்கே மாட்டிக்கொண்டேன்.

"என்னங்க, நாலுக்கும் வித்தியாசம் தெரியுதுன்னுதானே சொல்றீங்க?"

"தெரியாம? இருட்டுல கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் கண்ணக் கட்டிக்கிட்டு உக்காருங்க. நான் நாலு கோப்பை ஊத்துறேன். எது எதுன்னு சரியாச் சொல்லிட்டா ஜன்னல் பேச்சையே எடுக்க மாட்டேன். சொல்லலேன்னா மெஷின் இங்க வரும். நானா சாட்சி."

எஸ்ரன் சிரித்தார். கோப்பை வைத்துச் சோதிக்கும் வித்தையை அவரிடமே காட்டுவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்பதா? "சரி" என்றார்.

சனிக்கிழமை முழுக்க மனைவிக்கு அவரே பயிற்சி கொடுத்தார். எந்தப் பட்டன், எவ்வளவு சத்தம், நடுவில் எத்தனை நொடி இடைவெளி எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்ணில் துவாய் கட்டிக்கொண்டு சோக் குறிமேல் உட்கார்ந்தார். ஜெயராணி கொம்பியூட்டர் முன்னால் இருந்தார். போடும் வரிசையைக் காகிதத்தில் எழுதித் தன் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தார். எனக்கு ஸ்கிரீன் நன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு ஸ்டூல்.

வயலின் நான்கு முறை ஒலித்தது. நான் கண்ணால் பார்த்தேன்: முதலில் பெக்கோ, பிறகு டஸ்ட், பிறகு ஓ.பி., கடைசியில் பி.ஓ.பி. ஒரு குழப்படியும் இல்லாத நேர்மையான சோதனை.

எஸ்ரன் முதல் கோப்பைக்குத் தலையாட்டினார். இரண்டாவதற்கு நெற்றியைச் சுருக்கினார். மூன்றாவதில் வியர்த்தது. நான்காவதுக்குத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாவமாக இருந்தது. ஆனால் திடீரென்று முகம் மலர்ந்தது, துவாயை அவிழ்த்து வீசினார்.

"யாருக்கிட்ட வேலை காட்டுற? பெக்டரியில புதுப் பொடியன்மாரப் பிடிக்கிறதுக்கு ஒரே தூளை நாலு கோப்பையில ஊத்தி வைக்கிறது நான் கண்டுபிடிச்ச வித்தை. நாலு விதமா ருசி சொல்றவன் பொய்யன். நாலும் ஒன்னுன்னு சொல்றவன்தான் ஆளு. நீ போட்டது நாலும் ஒரே பிளேயர்!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுகிற தவளை இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு மாதமாக உடம்பு, கசப்பு என்று பிரித்துப் பிரித்துப் பேசியவர், நான்கும் ஒன்றுதான் என்று சாட்சி முன்னால் தாமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஜெயராணி வென்றுவிட்டார். காகிதத்தை எடுத்து நீட்டினால் போதும், ஜன்னல் அவருடையது.

ஜெயராணி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கை தவறியதுபோல் கோப்பையைச் சாய்த்தார். தேத்தண்ணி மேசையில் ஓடியது. அந்தக் காகிதத்தாலேயே துடைத்துக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க, ஒன்னுதான். எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ!"

"நானா, பாத்தீங்கதானே?" என்று எஸ்ரன் என் பக்கம் திரும்பினார்.

ஜெயராணியும் என்னைப் பார்த்தார். புருஷன் பெண்சாதிக்குள் இணக்கம் உண்டாக்கச் சொல்லும் பொய்க்கு எங்கள் மார்க்கத்தில் இடம் உண்டு என்று மௌலவி சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஒண்டுதான், நான் பார்த்துக்கொண்டுதானே ஈந்தேன்" என்றேன்.

திங்கட்கிழமை ஜெயராணி கடைக்கு வந்தார். நூல் வாங்கும் சாக்கில் என்று சொல்லலாம், ஆனால் என் கடையில் நூல் இல்லை.

"நானா, வெளியில சொல்லிறாதீங்க."

"எனக்கென்ன தங்கச்சி? ஆனா கையில கிடைச்ச ஜன்னலை ஏன் விட்டீங்க?"

"நாக்குப் போனப்ப மூனு மாசம் யாரோடயும் பேசல நானா. தேத்தண்ணி ஊத்தி வச்சா தொடக்கூட மாட்டாரு. இப்ப காதும் போச்சுன்னு நான் என் வாயால சொல்லணுமா? ஊசி குத்தினா ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதானே."

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டில் பஸீஹாவிடம் சொன்னேன். மனைவியிடம் சொல்வது கணக்கில் வராது.

புதன்கிழமை எஸ்ரன் வந்தார். நின்ற நிலையைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"நானா, டஸ்ட்டை அழிச்சிறலாம்னு தொறந்தேன். கடைசியா கேட்டதுன்னு ஒரு பட்டியல் காட்டுச்சு. ஞாயித்துக்கிழமை, பத்து பதிமூனு, வயலின். சரி, ஒரே பிளேயர்னா இதுலதான் போட்டிருக்கான்னு நெனச்சேன். ஒரு சந்தேகத்துல மத்ததையும் தொறந்து பாத்தா, பெக்கோவுல பத்து பத்து. ஓ.பி.யில பத்து பதினாறு. பி.ஓ.பி.யில பத்து பத்தொம்பது."

நான் ஒரு பிளக்கைக் கையில் எடுத்து அதன் மூன்று காலையும் எண்ணினேன்.

"நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"எனக்குக் கண் கொஞ்சம் மங்கல்" என்றேன்.

எஸ்ரன் கோபப்படவில்லை. கவுண்டரில் கையை ஊன்றினார். "ஜெயிச்சவ அவ. எனக்காகத் தோத்திருக்கா. நான் ரெண்டு மாசமா நொட்டை சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த இருட்டுல அவ கண்ணு போய்க்கிட்டு இருந்திருக்கு" என்றார். அவர் குரல் உடைந்தது. கடைசியில், "எனக்குத் தெரியும்னு அவக்கிட்ட சொல்லிறாதீங்க நானா" என்றார். அந்த வாக்கையும் கொடுத்தேன். (பஸீஹா பற்றி மேலே சொன்னதே இங்கும்.)

வியாழக்கிழமை ஜெயராணி மார்க்கட்டுக்குப் போன நேரம், நானும் எஸ்ரனும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தோம். இரும்புக் கால், நல்ல பாரம். கதிரை சுவரோரம் போனது. மெஷின் ஜன்னலடியில், சரியாகச் சோக் குறிமேல் நின்றது. ஜெயராணி மீன் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க இது?"

"ஜன்னல்கிட்ட பாஸ் சத்தம் கொழம்புது. சுவரோரம் உக்காந்தாத்தான் சுத்தமாக் கேக்குது. இந்த இடம் சும்மாதானே கெடக்கு, ஒன் மெஷினாவது கெடக்கட்டுமேன்னு வச்சேன்."

ஜெயராணி என்னைப் பார்த்தார். நான் மெஷினில் இருந்த நூல் கண்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மென்பொருளையும் எஸ்ரன் அழித்துவிட்டார். டஸ்ட் மட்டும் இருக்கிறது. அதில் பட்டன் பெரிது, தைத்துக்கொண்டே ஜெயராணி எட்டி அமுக்கலாம் என்பது அவருடைய தொழில்நுட்பக் காரணம்.

போன வாரம் போயிருந்தேன். பாட்டு ஐந்தாவது வரியையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "அது மிருதங்கம்" என்று மெஷினைக் காட்டினார் எஸ்ரன்.

"நானா, இவருக்கு மாதிரி காது யாருக்கு இருக்கு? நாலும் ஒன்னுதான்னு அன்னிக்கே சொல்லிட்டாருல்ல" என்றார் ஜெயராணி, மெஷினை நிறுத்தாமல். எஸ்ரன் கொஞ்சமும் சிரிக்காமல் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்த நான், தேத்தண்ணி சுடுகிறதுபோல் ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். கதிரை சுவரோரம் போய் மூன்று வாரமாகியும் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் பழையபடி ஜன்னலையே பார்த்து நின்றன.

"எஸ்ரன், பெட்டியத் திருப்ப மறந்திட்டீங்களே? நீங்க ஈக்கிற பக்கம் ஒண்டும் கேக்காதே."

"வேணாம் நானா" என்றார். "அது ரெண்டும் சரியான ஆளப் பாத்துத்தான் இருக்கு."